குண்டெழுத்து நானா

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "குண்டெழுத்து நானா" என்று கேட்டால் போதும், தேக்கா பாசாரில் மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியை நீட்டி வழிகாட்டுவார். நாகப்பட்டினக் கரையோரத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். ஆள் கிழவர் இல்லை, என்னைவிட ஆறே வயது மூத்தவர். குண்டும் இல்லை. கைலியை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினால்தான் இடுப்பில் நிற்கும். குண்டாக இருந்தது அவருடைய எழுத்து.

நாங்கள் வேலை பார்த்த அச்சகம் சிராங்கூன் ரோட்டின் பக்கச் சந்து ஒன்றில் இருந்தது. அவர் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். நான் பிழை திருத்துகிறவன். ஐம்பதுகளின் பின்பாதியில் சேர்ந்து பதினோரு வருஷம் அங்கே குப்பை கொட்டினேன். எங்களுக்குள் ஆகவே ஆகாது. எனக்குப் பிடித்தது பொடி எழுத்து. மெலிந்து, வரிசை கலையாமல், படிக்கிறவன் கிட்டே வரட்டும் என்று காத்திருக்கும் எழுத்து. அவருடைய எழுத்து ரோட்டைத் தாண்டி வந்து சட்டையைப் பிடிக்கும். பிடிக்கட்டும், எனக்கென்ன என்றுதான் இருந்தேன். என் கல்யாணத்தில் வந்து கைவைக்கும் என்று கண்டேனா?

அந்த எழுத்து பிறந்த கதையே கூத்து. நாடக நோட்டீசுக்குப் பெரிய தமிழ் எழுத்து வேண்டும். சென்னையிலிருந்து வரவழைக்கலாமென்றால் கப்பல் வருவதற்குள் நாடகக் கம்பெனியே கலைந்துவிடும். நானா என்ன செய்தார்? ரோச்சோர் பக்கத்தில் பலகார அச்சு செதுக்கிக்கொண்டிருந்த ஒரு சீனத் தாத்தாவிடம் போய், தமிழ் எழுத்துகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, சந்தையில் புழங்கும் பாசார் மலாயில் பேசி, மரத்தில் செதுக்கச் சொன்னார். தாத்தா தமிழைக் கண்டாரா! பத்து நாளில் அவர் கொடுத்த முதல் செட்டில் எல்லா எழுத்தும் பலகார அச்சு மாதிரியே குழிவாக இருந்தது. மாவைத் திணித்துத் தின்னலாம், மையைத் தடவி அச்சடிக்க முடியாது. இரண்டாம் தடவை எழுத்து மேடாக வந்தது. ஆனால் தாத்தாவுக்குக் கூர்முனை செதுக்கிப் பழக்கமில்லை. கூர்முனையில் மாவு ஒட்டிக்கொள்ளுமாம். எல்லா மூலையையும் வழித்து உருட்டிவிட்டார், மெல்லிய கோட்டையெல்லாம் தடிமனாக்கிவிட்டார். தமிழ் எழுத்துக்கு ஏற்கெனவே கொஞ்சம் தொந்தி உண்டு. தாத்தா அதற்கு விருந்தே வைத்திருந்தார். 'இ' எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. 'ண'வின் சுழிகளுக்குள் காற்றுப் போக வழியில்லை.

"என்ன நானா, எழுத்துக்கு வீக்கமா?" என்று கேட்டேன்.

"சாப்புட்ட எழுத்து தம்பி. உங்க எழுத்துதான் நோன்பு புடிச்சிருக்கு" என்றார்.

இதையும் அவர் சொன்ன விதத்தைச் சொல்ல வேண்டும். அந்த மனுஷனுக்குக் குரலே கிடையாது. பக்கத்தில் போய்க் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். கோப்பிக் கடையில் அவர் கேட்டது ஒருநாளும் சரியாக வந்ததில்லை. வந்ததைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். வாய்க்கும் சேர்த்து எழுத்திலேயே கத்திக்கொள்கிறார் என்று முதலாளி சொல்வார்.

நாடக நோட்டீசோடு நின்றதா? நிற்கவில்லை. சர்க்கஸ், சோடாக் கம்பெனி, கூந்தல் தைலம், தொழிற்சங்கக் கூட்டம், கந்தூரி, தீமிதி, எது வந்தாலும் அதே குண்டெழுத்து. ஒரு வாசகசாலையிலிருந்து 'சத்தம் போடாதீர்' என்று ஒரு அட்டை கேட்டார்கள். நானா அடித்துக் கொடுத்தார். அட்டையை மாட்டிய அன்றைக்கே அங்கே வழக்கமாகப் பேப்பர் படிக்கும் ஒருவர் வந்து, மற்றவர்களெல்லாம் சும்மாதான் இருக்கிறோம், அந்த அட்டையை முதலில் வாயை மூடச் சொல்லுங்கள் என்று புகார் செய்தார்.

ஒரு தடவை மரண அறிவிப்பையும் அதில் அடித்துவிட்டார். இறந்தவர் ஒரு மாட்டுக்காரர். 'காலமானார்' என்ற சொல் உருண்டு திரண்டு, ஏதோ பரிசு விழுந்த மாதிரி சந்தோஷமாக நின்றது. மகன்கள் மூன்று பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் நைசாகப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். நானா நகரவில்லை.

"அழுவுறவனும் வாயைத் தொறந்துதானே அழுவுறான்?" என்றார்.

மகன்களுக்குக் கேட்கவில்லை. "என்ன? என்ன சொல்றே?" என்று குனிந்தார்கள். மறுபடி சொன்னார். மூன்று பேரும் குனிந்தபடி அவர் சொன்னதைக் காதில் வாங்கினார்கள். குனிந்து நிற்கிறவனுக்கு அடிக்க வராது. அறிவிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தாத்தா ஒவ்வொரு எழுத்திலும் நாலைந்துதான் செதுக்கியிருந்தார். அது தீர்ந்துபோனால் நானா வேறு எழுத்தைச் சேர்க்க மாட்டார், செய்தியை மாற்றிவிடுவார். முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் 'தீபாவளிக்கு முதல் நாளும் மறுநாளும் கடை திறந்திருக்காது' என்று எழுதிக் கொடுத்தார். அடித்து வந்தது 'தீபாவளி லீவு'.

"ரெண்டு நாளுன்னு எங்கய்யா?"

"வந்து பாத்தா தெரிஞ்சிடும் லா."

ஆனால் ஒரு வரியை மட்டும் அவர் பிரித்ததே இல்லை. 'அனைவரும் வருக.' எல்லா நோட்டீசிலும் கடைசி வரி அதுதான் என்பதால், அதைக் கோத்து நூலால் கட்டி அப்படியே ஓரமாக வைத்திருப்பார். வேலை வந்தால் எடுத்து வைக்க வேண்டியதுதான். இதனால் ஊருக்கே ஒரு பழக்கம் ஏற்பட்டுப்போயிற்று. ரோஸ் தாளில் குண்டெழுத்தைத் தூணில் பார்த்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். இது எல்லோருக்கும் பொது, உள்ளே விடுவார்கள், போகலாம் என்று அர்த்தம். நாள், நேரம், இடம் மூன்றை மட்டும் பார்த்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருத்தி பரீட்சைத் தாள் அச்சடிக்க வந்தாள். 'மூன்றாம் வகுப்பு' என்ற தலைப்பை நானா குண்டெழுத்தில் போட்டிருந்தார். அவள் அதைத் தூக்கிப் பிடித்து, "பிள்ளைங்க பரீட்சை எழுதப் போறாங்களா, சர்க்கஸ் பாக்கப் போறாங்களா?" என்று கேட்டாள். குண்டெழுத்தை என்னைப் போலவே திட்டுகிற ஒரு பெண்! எனக்கு அங்கேயே கால் தரையில் நிற்கவில்லை. அந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு எத்தனை பரீட்சை வந்ததோ, பாவம் அந்தப் பிள்ளைகள்.

அவள் அப்பா அரசாங்க ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் வீடு. போய்ப் பெண் கேட்டேன். எல்லாவற்றையும் விசாரித்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உங்க பக்கம் எத்தனை பேர் வருவாங்க?"

எனக்கு என்று யார் இருந்தார்கள்? அப்பா கப்பலில் தனியாக வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா என் பத்து வயதிலேயே போய்விட்டாள், அப்பா பதினாறில். கூடப் பிறந்தவர் கிடையாது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பூனைகூட இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே!

"எம்பது பேரு வருவாங்க சார். ஈப்போவுல சித்தப்பா, கிள்ளான்ல மாமா" என்றேன்.

"நல்லது. அனாதைக்குப் பொண்ணைக் குடுத்தேன்னு நாலு பேரு பேசக் கூடாது பாருங்க. இருபத்தொரு வரிசைத் தட்டு உங்க ஜனங்க எடுத்து வரணும். அது இல்லேன்னா தாலி கட்டுற நேரமா இருந்தாலும் பொண்ணை எழுப்பி அழைச்சிக்கிட்டுப் போயிடுவேன்" என்றார். செய்யக்கூடிய ஆள்தான். 

யாரிடம் சொல்வது? ஆகாத ஆளிடம்தான் சொன்னேன். நானா எழுத்துக் கோத்துக்கொண்டே கேட்டார். "எம்பதா?" என்றார். "ஆமா." "நீ ஒருத்தன். மிச்சம் எழுபத்தொம்பது" என்றார். அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. சரியான கல் என்று நினைத்துக்கொண்டேன்.

அழைப்பிதழை நானே எழுதினேன். "நானா, உங்க காலைப் புடிக்கிறேன், இது ஒண்ணை மட்டும் பொடி எழுத்துல போடுங்க. அம்பது போதும்." சரி என்றார். பொடி எழுத்தில் கோத்துப் புரூஃபும் காட்டினார். பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மண்டப வேலையாக மூன்று நாள் லீவில் போனேன்.

திரும்பி வந்து டிராலி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். எதிரே தூணில் என் பெயர் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம். ரோஸ் தாள். பக்கத்தில் அவள் பெயர். கீழே 'அனைவரும் வருக'. அடுத்த தூணிலும் நான். அதற்கடுத்த தூணில் சர்க்கஸ் யானைக்குக் கீழே நான். இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "ஞாயித்துக்கெழம சும்மாதானே இருக்கோம், போவோம்" என்றார்.

அச்சகத்துக்குள் போய் நான் போட்ட சத்தத்தில் மெஷின் ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டார். நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பொடி எழுத்துல போட்டா தெரிஞ்சவன் மட்டுந்தான் படிப்பான். உனக்குத் தெரிஞ்சவனே இல்லியே தம்பி" என்றார்.

"அதுக்குத் தூண்ல ஒட்டுவீங்களா?"

"நா ஒட்டச் சொல்லல. குண்டெழுத்தைக் கண்டா பசைவாளி ஒட்டிடும்." பசைவாளி என்பது எங்கள் நோட்டீஸ் ஒட்டுகிறவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. குண்டெழுத்து இருந்தால் தூண், இல்லாவிட்டால் தொடுவதில்லை, அதுதான் அவர் கணக்கு. முந்நூறு தாளையும் காய்வதற்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். இன்றுவரை அதை நான் முழுசாக நம்பவில்லை. ஐம்பது கேட்டவனுக்கு முந்நூறு அடித்தது யார்?

மறுநாள் பெரிய கிராணியே வந்துவிட்டார். அவர் ஆபீஸ் வாசலிலும் ஒன்று ஒட்டியிருந்ததாம். பியூன் கிழித்தெடுத்து, மேசைமேல் வைத்துச் சல்யூட் அடித்தானாம். கூட அவளும் வந்திருந்தாள். அவள் தாளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எம் பேரு இவ்ளோ பெருசுன்னு எனக்கே தெரியாது" என்றாள். அவள் சிரித்ததால் அவர் என்னை அடிக்கவில்லை.

"இதப் பாத்துட்டு ரோட்டுல போறவன் வர்றவன்லாம் வருவான். வரட்டும். ஆனா அதுல உங்க ஜனம் யாருன்னு நான் கேப்பேன். நீங்க காட்டணும்" என்று சொல்லிவிட்டு, மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எட்டு மணிக்கு மண்டபத்தில் பெண் வீட்டார் நூறு பேர். என் பக்கம் நான், இருபத்தொரு தட்டு. தேங்காயும் பழமும் புடவையும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தூக்க ஆளில்லை. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

எட்டரைக்கு வாசலில் சத்தம் கேட்டது. முதலில் துறைமுகத்து ஆட்கள் இருபது பேர், குளித்து விபூதி பூசிக்கொண்டு. பின்னால் நகரசபைத் துப்புரவுக்காரர்கள், மனைவி மக்களோடு. பால்காரர்கள். சலவைக்காரர்கள். நாடகக் கம்பெனியிலிருந்து ஒரு ராஜா, முந்தின ராத்திரி பூசிய மீசை இன்னும் அழியவில்லை. ஒரு பெரியவர் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, "மொதல்ல யாரு பேசறா?" என்று கேட்டார். "ஐயர்" என்றேன். "நல்லாப் பேசுவாரா?" என்று கேட்டபடியே முன்வரிசையில் பாயை விரித்தார். தட்டுகளைப் பார்த்த ஒரு துப்புரவுக்காரரின் மனைவி, "என்னாப்பா இது, மாப்ள வீட்டுத் தட்டு கேட்பாரில்லாமக் கெடக்கு?" என்று புடவையை இழுத்துச் செருகினாள். இருபத்தொரு தட்டும் மூச்சு விடுவதற்குள் எழுந்துவிட்டன. குலவை வேறு. சமையல்காரர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். சாப்பாடு இரண்டாம் பந்தியோடு தீர்ந்து, மூன்றாம் பந்திக்கு வாழைப்பழமும் சோடாவும் போட்டது அப்புறம் நடந்தது.

நான் மணவறையில் உட்கார்ந்தேன். ஆளில்லையே என்ற பயம் போய்விட்டது. அப்போதுதான் பெரிய கிராணி வந்தார். என் எதிரே குந்தி உட்கார்ந்தார். பையிலிருந்து அந்த ரோஸ் தாளை எடுத்துப் பிரித்தார்.

"கூட்டம் சரி. இதுல உங்க ஜனம் யாரு?"

கூட்டத்தைப் பார்த்தேன். மீசை வைத்த ராஜாவைச் சித்தப்பா என்று சொல்லலாமா? வாய் வரவில்லை. அத்தனை பேர் நடுவில் எனக்கு என்று ஒருத்தர் இல்லை என்பது அன்றைக்கு உறைத்த மாதிரி என்றைக்கும் உறைத்ததில்லை.

"ஒருத்தரும் இல்ல சார்" என்றேன். "ஈப்போவும் இல்ல, கிள்ளானும் இல்ல. பொய் சொல்லிட்டேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. பெண்ணைப் பார்க்கவும் இல்லை. தாளைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "அப்ப இது யாரு?"

அழைப்பிதழின் அடியில் அழைக்கிறவர்களின் பெயர் வரும். இடது பக்கம் பெண் வீட்டார், அங்கே அவர் பெயர் குண்டெழுத்தில் இருந்தது. வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார். போட ஆளில்லாததால் நான் அதைக் காலியாக விட்டுத்தான் புரூஃபில் கையெழுத்துப் போட்டேன். இப்போது அங்கே என்னமோ இருந்தது. அச்சகத்திலேயே ஆகச் சிறிய எழுத்து, மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டுக்குப் போடுவது. கண்ணுக்கு நேரே பிடித்தும் எனக்குப் படிக்க நேரமாயிற்று. 'மாப்பிள்ளையின் அண்ணன்' என்று இருந்தது. கீழே நானாவின் பெயர். சிராங்கூன் ரோட்டில் யாருக்கும் தெரியாத அந்த முழுப்பெயர், வாப்பா பெயரோடு.

முந்நூறு தூணில் ஒட்டியிருந்தது. நான் தினமும் அதன் முன்னால் நின்று திட்டியிருக்கிறேன். பிழை திருத்துகிறவன் பார்க்கவில்லை. நாள் முழுவதும் கோப்புகளில் எறும்பெழுத்துப் படிக்கிற கிராணி பார்த்திருக்கிறார்.

"என் அண்ணன் சார்" என்றேன்.

அவர் பெயரை இன்னொரு தடவை படித்தார். அவர் மனசுக்குள் என்ன ஓடியதோ எனக்குத் தெரியாது. அவர் ஆபீஸ் மனிதர். அடியில் ஒருத்தர் பெயர் போட்டுப் பொறுப்பேற்காத காகிதத்தை வாழ்க்கையில் ஒப்புக்கொண்டதில்லை. இதில் பெயர் இருந்தது.

"எங்க அவரு?"

நானா வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களை உள்ளே போங்க போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை, ஆனாலும் போனார்கள்.

"சம்பந்தியை வாசல்ல நிக்க வச்சிருக்கீங்களே, உங்களுக்கு மட்டு மரியாதை கிடையாதா?" என்று என்மேல் எரிந்து விழுந்துவிட்டுப் பெரிய கிராணி எழுந்து போனார். சந்தனக் கிண்ணத்தையும் பன்னீர்ச் சொம்பையும் கையில் எடுத்துக்கொண்டு போனார். நானா பதறிப்போய்க் கையைக் கைலியில் துடைப்பதையும், விரலில் இருந்த மை போகாமல் கையைப் பின்னால் மறைப்பதையும், கிராணி அந்தக் கையை இழுத்துச் சந்தனம் பூசுவதையும் மணவறையிலிருந்து பார்த்தேன். நான் அழுதேன். ஓமப்புகை என்று ஐயர் நினைத்துக்கொண்டார்.

தாலி கட்டி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது நானாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"ஊர்ல இருக்கிற சோடா, தைலம், செத்தவன், பொழச்சவன் எல்லார் பேரையும் பானை பானையாப் போட்டீங்க. உங்க பேரை மட்டும் ஏன் நானா அப்படிப் போட்டீங்க? நான் பாக்கவே இல்லையே!"

அவர் இலையைத் துடைத்தார். வாழைப்பழத்தை உரித்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எடம் பத்தல தம்பி" என்றார்.

அந்தத் தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெறும் தாள்.